பெட்டி மாறினால் பழைய வினாத்தாள் திறக்குமா?

மெய்நிகர் கணினியைச் சர்வருக்கு மாற்றச் சொல்லும் வழிகாட்டிகள் குறித்து ஒரு விமர்சனம்



மேசைக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெய்நிகர் கணினியைச் சர்வருக்கு எப்படி மாற்றுவது என்று சொல்லித்தரும் வழிகாட்டிகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. பெரும்பாலானவை மூன்று படிகளோடு முடிந்துவிடும். மெய்நிகர் கணினியை நிறுத்து, ஏற்றுமதி செய், சர்வரில் ஏற்றி இயக்கு. அவ்வளவுதான். படிகள் மூன்றும் தப்பில்லை. ஆனால் அவை ஒரு கோப்பை இடம் மாற்றுவதைப் பற்றி மட்டும்தான் பேசுகின்றன. அந்தக் கோப்புக்குள் இருக்கும் விண்டோஸுக்கோ ஒரே நாளில் மதர்போர்டு, ஹார்ட்டிஸ்க் கட்டுப்படுத்தி, நெட்வொர்க் கார்டு எல்லாமே மாறிவிடுகிறது. அதைப் பற்றி வழிகாட்டி வாயே திறப்பதில்லை. நீலத்திரை வந்து நின்ற பிறகுதான் நமக்கு அது தெரியவருகிறது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் தமிழ்ப்பள்ளிகளின் பழைய வினாத்தாள்கள், பயிற்றிகள், விழா மலர்கள், பள்ளி வரலாற்றுக் குறிப்புகள் எந்தக் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் தொடங்கி 2021இல் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நாம் தமிழைத் தட்டியது யூனிகோடில் இல்லை. முரசு அஞ்சல், பாமினி, இன்னும் பெயர் மறந்துபோன எத்தனையோ எழுத்துருக்களில் தட்டினோம். அந்தக் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் எழுத்துரு இல்லாமல் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். அதனால் பல இடங்களில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பழைய எக்ஸ்பி கணினியை அப்படியே மெய்நிகர் கணினியாக்கி, புதிய மேசைக் கணினிக்குள் ஒரு சன்னலாக ஓடவிட்டார்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தும் அந்த வினாத்தாள்கள் இன்னும் திறப்பது இதனால்தான்.

இப்போது அந்த மேசைக் கணினிக்கும் வயதாகிவிட்டது. அமைத்துக் கொடுத்த ஆசிரியர் பணி மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். பாகான் செராய் பக்கம் இதன் அருமை கொஞ்சம் கூடுதல். கிரியான் மாவட்டம் முதலில் கரும்புத் தோட்டமாக இருந்து, ரப்பருக்கு மாறி, பிறகு செம்பனைக்கு மாறிய மண். தோட்டம் மாறும்போது, துண்டாடப்படும்போது லயங்கள் போகும், சனங்கள் பட்டணம் போவார்கள், பள்ளியும் இடம் மாறும். அப்படிப்பட்ட பள்ளியில் யார் படித்தார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு பழைய ஹார்ட்டிஸ்கில் கிடக்கும் விழா மலரைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போகலாம். அதனால் “சர்வரில் போட்டு வைப்போம், பத்திரமாக இருக்கும்” என்று யாராவது சொன்னால் தலையாட்டத்தான் தோன்றும். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படி, எதுவரைக்கும் என்பதில்தான் எனக்கு வழிகாட்டிகளோடு சண்டை.

பெண்டிரைவில் தொடங்கும் சிக்கல்

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில் ஒரு மெய்நிகர் கணினி என்பது ஒரு ஃபோல்டர். உள்ளே விஎம்எக்ஸ் என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். இதுதான் கணினியின் சாதகம். எத்தனை நினைவகம், எந்த வகை ஹார்ட்டிஸ்க் கட்டுப்படுத்தி, எந்த நெட்வொர்க் கார்டு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். சாதாரண நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். விஎம்டிகே என்று முடிபவைதான் ஹார்ட்டிஸ்க்.

அந்த விஎம்டிகே ஒரே பெரிய கோப்பாக இருக்கலாம், அல்லது 2 ஜிபி துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கலாம். ஏன் துண்டு? ஃபேட்32 வகையில் வடிவமைத்த பெண்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. கையில் எடுத்துப் போக வசதியாக இருக்கட்டும் என்று அமைக்கும்போதே “துண்டுகளாகப் பிரி” என்ற தேர்வை விட்டுவிடுவோம். மேசைக் கணினிக்கு அதில் ஒரு தொல்லையும் இல்லை. இஎஸ்எக்ஸ்ஐ சர்வருக்கோ அந்த வடிவமே ஒத்துவராது. அது தன் சேமிப்பிடத்தில் ஹார்ட்டிஸ்கை வேறு விதமாக வைத்துக்கொள்கிறது.

ஃபோல்டரை அப்படியே சர்வரில் போட்டு இயக்கினால் “ஆதரிக்கப்படாத அல்லது செல்லாத டிஸ்க் வகை 7” என்ற கருத்தில் ஒரு செய்தி வந்து நிற்கும். இந்தச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வகை 7 என்றால் என்ன, ஆறு வேறு எங்கேயாவது இருக்கிறதா, பயனருக்கு ஒன்றும் புரியாது. “இது மேசைக் கணினி வடிவம், சர்வர் வடிவத்துக்கு மாற்றுங்கள்” என்று சொல்ல ஒரு வரி போதும். ஒரு மாணவன் விடைத்தாளில் ‘தவறு 7’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியரை நாம் என்ன சொல்வோம்?

தீர்வு இருக்கிறது. சர்வரின் கட்டளைத் திரையில் ‘விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ்’ என்ற கட்டளையைப் பயன்படுத்தி, பழைய விஎம்டிகேயைப் படித்து சர்வர் வடிவத்தில் புதிய நகல் எடுக்க வேண்டும். துண்டுத் துண்டாக வெட்டிய டிஸ்க் என்றால் இஎஸ்எக்ஸ்ஐ 5.1 முதல் இன்னொரு படியும் உண்டு. ‘மல்டிஎக்ஸ்டென்ட்’ என்ற கூறை முதலில் ஏற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லாத் துண்டுகளும் கண்ணெதிரே இருந்தும் “கோப்பைக் காணவில்லை” என்று சாதிக்கும். நிறைய வழிகாட்டிகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகின்றன. எழுதியவரின் டிஸ்க் ஒரே கோப்பாக இருந்திருக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒர்க்ஸ்டேஷனிலேயே ‘ஓவிஎஃப்’ வடிவில் ஏற்றுமதி செய்துவிடலாம். மூன்று வழிகளில் (நேரடி நகல், ஓவிஎஃப், கன்வர்ட்டர்) நான் பரிந்துரைப்பது இதைத்தான். சர்வரே உள்வாங்கும்போது வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. இதற்கு முன் செய்யவேண்டியதை மட்டும் செய்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட்டுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து நீக்குங்கள். சிடி டிரைவ், ஃப்ளாப்பி, சவுண்ட் கார்டு, யுஎஸ்பி ஆகியவற்றைக் கழற்றுங்கள். எக்ஸ்பியை ‘இடைநிறுத்தம்’ செய்யாமல் முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். இடைநிறுத்திய கணினி ஒரு செயலியில் பாதி வேலையில் தூங்கிப்போனது. அதை வேறு வகைச் செயலியில் எழுப்பினால் எழாது.

ஓவிஎஃப் கோப்போடு எம்எஃப் என்று முடியும் சிறு கோப்பும் வரும். மற்றக் கோப்புகள் மாறாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் முத்திரை அது. ஓவிஎஃப் கோப்பில் நீங்கள் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் முத்திரை பொருந்தாது, சர்வர் மறுத்துவிடும். வேண்டுமென்றே திருத்தியிருந்தால் எம்எஃப் கோப்பை நீக்கிவிட்டு ஏற்றலாம். விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் திருத்தம் தேவைப்படும். அதன் ஏற்றுமதியில் ‘விர்ச்சுவல்பாக்ஸ்-2.2’ என்று வன்பொருள் குடும்பப் பெயர் எழுதியிருக்கும், இஎஸ்எக்ஸ்ஐ அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொள்ளாது. அந்த இடத்தில் விஎம்வேர் குடும்பப் பெயரை எழுத வேண்டும்.

வன்பொருள் எண்ணையும் பாருங்கள். விஎம்எக்ஸ் கோப்பில் இருக்கும். ஒர்க்ஸ்டேஷன் 16 வெளிவந்தபோது அது உருவாக்கும் கணினியின் எண் 18. இஎஸ்எக்ஸ்ஐ 6.7 எத்தனை அப்டேட் போட்டாலும் 15க்கு மேல் ஏற்காது. பழைய சர்வர், புதிய ஒர்க்ஸ்டேஷன் என்றால் இந்த மோதல் நிச்சயம். ஒர்க்ஸ்டேஷனிலேயே ‘வன்பொருள் பொருத்தம்’ என்ற இடத்தில் எண்ணைக் குறைத்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிறகு ஏற்றுமதி செய்யுங்கள்.

நீலத்திரை

கணினி இயங்கத் தொடங்கியது, எக்ஸ்பி சின்னம் தெரிந்தது, அப்புறம் நீலத்திரை. கடைசியில் 7பி என்று முடியும் நிறுத்தப் பிழை. சர்வர் கெட்டுப்போச்சு, கோப்பு கெட்டுப்போச்சு என்று பலர் பயப்படும் இடம் இது. ஒன்றும் கெடவில்லை. எக்ஸ்பி தன் ஹார்ட்டிஸ்கைத் தேடுகிறது, கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? மேசைக் கணினியில் அது ஐடிஇ கட்டுப்படுத்தியில் ஓடியிருக்கும். சர்வரில் ஏற்றும்போது ஸ்கஸி வகை கொடுக்கப்பட்டிருக்கும். அதற்கான டிரைவர் எக்ஸ்பியிடம் இல்லை. டிரைவரை ஹார்ட்டிஸ்கிலிருந்துதான் படிக்க வேண்டும், ஹார்ட்டிஸ்கைப் படிக்கவோ டிரைவர் வேண்டும். சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான்.

எளிய வழி, சர்வரிலும் அதே ஐடிஇ வகையைக் கொடுப்பது. எப்போதாவது ஒரு வினாத்தாளைத் திறக்கும் கணினிக்கு வேகம் எதற்கு? வழிகாட்டிகள் உடனே வேகமான வகைக்கு மாறச் சொல்வது பெரிய நிறுவனங்களை நினைத்து. நமக்கு அது பொருந்தாது. மாறியே தீர வேண்டும் என்றால் ஐடிஇயில் எக்ஸ்பி ஓடும்போதே புதிய வகையில் ஒரு சின்ன வெற்று டிஸ்கை இரண்டாவதாகச் சேர்த்து, டிரைவரை நிறுவி, அது வேலை செய்வதைப் பார்த்த பிறகு முதல் டிஸ்கை அந்த வகைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது நெட்வொர்க். பழைய கணினிக்கு நிலையான ஐபி முகவரி கொடுத்திருந்தால், புதிய கார்டுக்கு அதே முகவரியைத் தரும்போது “இந்த முகவரி வேறொரு கார்டிடம் இருக்கிறது” என்று எக்ஸ்பி சொல்லும். எந்தக் கார்டு? கண்ணுக்குத் தெரியாத, கழற்றிப்போன பழைய கார்டு. பதிவேட்டில் அதன் ஆவி இன்னும் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் இல்லாத சாதனங்களையும் காட்டும்படி செய்து, மங்கலாகத் தெரியும் பழைய கார்டை நீக்கினால் போதும்.

சர்வர் முதல்முறை இயக்கும்போது “இதை நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?” என்று கேட்கலாம். சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கும். ‘நகல்’ என்றால் புதிய அடையாள எண், புதிய மேக் முகவரி. மேக் முகவரியோடு கட்டப்பட்ட பழைய மென்பொருள் உரிமம் அத்தோடு செத்துப்போகும். ‘நகர்த்தினேன்’ என்றால் பழைய எண்களே தொடரும். ஆனால் பழைய மேசைக் கணினியையும் அதே நெட்வொர்க்கில் ஓட்டாதீர்கள். எக்ஸ்பியும் வன்பொருள் ரொம்ப மாறிவிட்டது என்று சொல்லி மூன்று நாள் கெடு வைத்து மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். அந்த மூன்று நாளுக்குள் முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

டிஸ்கோடு போகாதது

வழிகாட்டிகள் மேல் எனக்கு மிகப் பெரிய குறை இங்கேதான். மெய்நிகர் கணினியை மாற்றினால் எல்லாமே கூடவே வரும் என்ற எண்ணத்தை அவை நம் மனத்தில் விதைத்துவிடுகின்றன.

ஒர்க்ஸ்டேஷனில் ‘பகிர்ந்த ஃபோல்டர்’ என்று ஒரு வசதி உண்டு. மேசைக் கணினியின் ஒரு ஃபோல்டரை எக்ஸ்பிக்குள் ஒரு டிரைவ் போலக் காட்டும். எக்ஸ்பியில் தட்டச்சு செய்து அங்கே சேமித்தால் வெளியே இருக்கும் விண்டோஸிலிருந்து நேராகப் பிரிண்ட் எடுக்கலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். வசதியோ வசதி. அதனால் வருடக்கணக்கில் எல்லோரும் அங்கேயே சேமித்திருப்பார்கள். இப்போது யோசியுங்கள். அந்தக் கோப்புகள் எங்கே இருக்கின்றன? எக்ஸ்பிக்குள் இல்லை. விஎம்டிகேயில் இல்லை. மேசைக் கணினியின் ஹார்ட்டிஸ்கில் இருக்கின்றன. இஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் இந்தப் பகிர்ந்த ஃபோல்டர் வசதியே கிடையாது.

மெய்நிகர் கணினி பத்திரமாகச் சர்வருக்குப் போகும், எக்ஸ்பி அழகாகத் திறக்கும், முரசு அஞ்சல் ஓடும். ஆனால் அண்மைக் கால வினாத்தாள் ஒன்றுகூட இருக்காது. அதற்குள் பழைய மேசைக் கணினியை “மாற்றியாச்சு” என்று கழிவுக்கு அனுப்பியிருந்தால், அல்லது ஃபார்மெட் அடித்து இன்னொரு வகுப்புக்குக் கொடுத்திருந்தால், கதை முடிந்தது. டிஸ்க் வகை 7க்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வரி எழுதுவதில்லை. டிஸ்க் பிழை திரையில் கத்திச் சொல்லும். இது சத்தமே இல்லாமல் நடக்கும்.

ஆகவே நிறுத்தி ஏற்றுமதி செய்வதற்கு முன் எக்ஸ்பிக்குள் போய், வேர்டில் ‘அண்மைய கோப்புகள்’ பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்த டிரைவில் இருக்கிறது என்று பாருங்கள். ‘சி’ என்றால் உள்ளே. ‘இசட்’ போன்ற எழுத்து என்றால் வெளியே. வெளியே இருப்பதைத் தனியாக நகலெடுங்கள். பழைய மேசைக் கணினியை ஒரு தவணை முழுக்க அலமாரியில் வைத்திருங்கள், தொடாதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்திலும் இப்படித்தான். மேசைக் கணினியில் எக்ஸ்பி பெரும்பாலும் ‘நாட்’ என்ற முறையில் ஓடியிருக்கும். வெளி நெட்வொர்க்குக்கு அது தெரியாது, புதிய விண்டோஸின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சர்வரில் ஏற்றியதும் நேராகப் பள்ளி நெட்வொர்க்கில் நிற்கும். 2014இலேயே ஆதரவு இழந்த இயங்குதளம். 2017 மே மாதம் வானாகிரை பரவியபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் அப்படி வெளியிடும் என்று எதிர்பார்க்க முடியாது. எக்ஸ்பியை இணையம் இல்லாத உள்நெட்வொர்க்கில் மட்டும் விடுங்கள். நெட்வொர்க் கார்டையே கழற்றிவிட்டாலும் வினாத்தாள் திறக்கும்.

எந்தச் சர்வர்?

வழிகாட்டிகள் ‘சர்வர்’ என்றால் குளிரூட்டிய அறையில் அடுக்கி வைத்த பெட்டியை நினைத்துக்கொள்கின்றன. நம் பள்ளிகளில் சர்வர் என்று சொல்வது பெரும்பாலும் கொஞ்சம் நினைவகம் கூட்டிய இன்னொரு மேசைக் கணினிதான். அதில் ரியல்டெக் நெட்வொர்க் கார்டு இருக்கும். இஎஸ்எக்ஸ்ஐ நிறுவியில் அதற்கு டிரைவர் கிடையாது. “நெட்வொர்க் கார்டு இல்லை” என்று சொல்லி நிறுவலே நின்றுவிடும். பணம் கொடுத்துத் தனி நெட்வொர்க் கார்டு வாங்கிப் போடலாம். அதற்குப் பதிலாக லினக்ஸ் அடிப்படையில் ஓடும் புரோக்ஸ்மாக்ஸைப் பாருங்கள் என்பேன். ரியல்டெக் அதில் சாதாரணமாக ஓடும், விஎம்டிகே டிஸ்கையும் அது நேரடியாக உள்வாங்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. இடையில் ஓர் ஆண்டுக்கு மேல், அதை நம்பிப் புதிதாகத் தொடங்க நினைத்த சின்ன இடங்களுக்குக் கதவு மூடியிருந்தது. நிறுவனம் தன் வியாபாரத்தைப் பார்த்தது, அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் காப்பகத்துக்கு என்று வைக்கும் பொருளை அப்படிப்பட்ட கதவுக்குப் பின்னால் வைப்பது நமக்குச் சரிவராது. நாமும் பார்க்காததில்லை. நாடு முழுக்கப் பள்ளிகளில் பயன்பட்ட ஃபுரோக் விஎல்இ 2019இல் போய், அந்த இடத்துக்குக் கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. மேடை மாறும், பொருள் நம்முடையது.

உண்மையில் எதைக் காப்பாற்றுகிறோம்?

சர்வரில் எக்ஸ்பி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரி. ஆனால் ஓர் ஆசிரியர் அந்த 1999ஆம் ஆண்டு வினாத்தாளிலிருந்து ஒரு கருத்துணர்தல் பகுதியை எடுத்து இன்றைய பயிற்றியில் ஒட்ட முடியுமா? முடியாது. நகலெடுத்து ஒட்டினால் மறுபடி கிறுக்கல். எக்ஸ்பிக்குள் பிடிஎஃப் ஆக்கி வெளியே கொண்டுவந்தால் கண்ணுக்கு அச்சடித்தாற்போல் தெரியும். அதில் ‘திருக்குறள்’ என்று தேடினால் அகப்படாது. அந்தப் பிடிஎஃப்புக்கு அது தமிழ் எழுத்தென்றே தெரியாது.

முரசு நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. டிஸ்கி என்ற குறியாக்கம் 1990களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து டேம், டேப் வந்தன. எல்லாமே அந்தக் காலத் தேவைக்கு அருமையான தீர்வுகள். பொதுவாக இவற்றில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். ‘கொ’ என்று எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. ஆகவே எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆகாது, வரிசையையே மாற்ற வேண்டும். அதைச் செய்யும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அதிலும் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். நம் வினாத்தாளில் மலாய்ப் பெயர்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்து வரும். டிஸ்கியில் ரோமன் எழுத்து தன் பழைய இடத்திலேயே இருக்கும், தமிழ் மேல் பாதியில் இருக்கும். மாற்றினால் ‘கோலாலம்பூர்’ என்று ரோமனில் எழுதியது அப்படியே வரும். பாமினியோ ரோமன் எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. முழுக் கோப்பையும் மொத்தமாக மாற்றியில் கொட்டினால் மலாய்ச் சொற்களெல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். பாமினிக் கோப்புகளை வேர்டில் எழுத்துரு பார்த்துப் பகுதி பகுதியாகத்தான் மாற்ற வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. மாணவர்களிடம் கொடுத்துவிட வேண்டாம்.

என் முடிவு இதுதான். எக்ஸ்பியைச் சர்வருக்கு மாற்றுவது, மூலக்கோப்பு எப்படித் தெரிந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டும். மாற்றிய யூனிகோடு பிரதியில் சந்தேகம் வந்தால் பழையதைத் திறந்து பார்க்கலாம். அந்த அளவுக்கு அதன் பயன் உண்டு. அதையே காப்பகம் என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவதை ஏற்க முடியவில்லை.

வினாத்தாள்களை மட்டும் எடுக்க எக்ஸ்பியை இயக்கவே தேவையில்லை என்பதும் பல வழிகாட்டிகளில் இல்லாத செய்தி. 7-ஜிப் என்ற இலவச மென்பொருள் விஎம்டிகேயை ஒரு ஜிப் கோப்பு போலத் திறந்து உள்ளே இருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும். ஸ்னாப்ஷாட் இல்லாத, ஒரே கோப்பான டிஸ்க் என்றால் நல்லது. ஒர்க்ஸ்டேஷனிலும் டிஸ்கை ஒரு டிரைவாகக் காட்டும் வசதி உண்டு, ‘படிக்க மட்டும்’ என்று தேர்ந்தெடுங்கள். நீலத்திரையில் நின்றுபோன கணினியிலிருந்தும் இப்படிக் கோப்புகளை எடுத்துவிடலாம். நெட்வொர்க் வழியாக எடுக்கப் பார்த்தால் அங்கேயும் ஒரு சுவர் உண்டு. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை மட்டும். விண்டோஸ் 10 பின்னாளில் அதை வழக்கமாக அணைத்தே வைத்திருக்கிறது. அதைத் திறந்துவிடச் சொல்லும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள். ஒரு பழைய வினாத்தாளுக்காகப் பள்ளி முழுமைக்கும் ஓட்டை போட வேண்டியதில்லை.

எழுத்துரு கோப்புகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். அதன் பெயர்களே பாதி வேலையைச் செய்துவிடும். பெயர் ‘டிஎஸ்சி’ என்று தொடங்கினால் டிஸ்கி. ‘டேம்’, ‘டேப்’ என்று தொடங்கினால் 1999ஆம் ஆண்டுத் தரம். இவற்றில் அடங்காத பெயர்கள்தான் தலைவலி. அப்படிப்பட்ட பெயர் கிடைத்தால் ஒரு வரித் தமிழை அந்த எழுத்துருவில் தட்டி, அச்செடுத்த தாளையும் கோப்பையும் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். எந்த எழுத்துரு எந்தக் குறியாக்கம் என்ற பட்டியல் ஒன்று நம் வளப் பக்கத்தில் இருந்தால், அடுத்து வரும் ஆசிரியர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.